பங்களாவில் ஒரு கொலை, வயிறு குலுங்கச் சிரிப்பு: வடசென்னையில் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

முதலில் பெயர். ‘மேன்ஷன் மர்மம்’ என்று போஸ்டர் அடித்தால் சென்னைக்காரர் மனதில் வருவது திருவல்லிக்கேணியில் பேச்சிலர்கள் தங்கும் அறையும் வராந்தாக் கொடியில் காயும் லுங்கியும்தான். மரங்கள் சூழ்ந்த, ஆளரவம் இல்லாத பெரிய வீடு என்றால் நம் ஊரில் அது ‘பங்களா’. அப்படியே சொல்லுங்கள்.

இங்கே கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பது ஏறத்தாழ 100 நிமிடப் படம். ஒரே வீடு, ஏழு முக்கியப் பாத்திரங்கள், 18 நாள் படப்பிடிப்பு. குறும்படமாக எடுப்பவர்கள் துப்புகளைக் குறைத்துக்கொண்டால் போதும், வேலை முறை மாறாது.

இந்த வகைப் படத்தில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கொலைக் கதையைத் தனியாக எழுதிவிட்டு, நடுநடுவே ஒரு காமெடி நடிகரை விட்டு ‘டிராக்’ போடுகிறார்கள். அவர் வந்தால் கதை நிற்கிறது, கதை ஓடினால் அவர் காணாமல்போகிறார். இரண்டையும் பிரிக்க முடியாதபடி கட்ட வேண்டும். அதற்கு வழி: ஒவ்வொரு துப்பையும் ஒரு சிரிப்புக்கு அடியில் ஒளித்துவைப்பது. சிரிக்கும் மனிதர் சந்தேகப்படுவதில்லை. கடைசியில் முடிச்சு அவிழும்போது, ‘அப்போது சிரித்தோமே, அதுதானா இது’ என்று ஒவ்வொருவரும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும், மழைக்குழாய் போடுவது உட்பட, இந்த ஒன்றுக்காகத்தான்.

1. தனிமையை எங்கிருந்து கொண்டுவருவது?

வடசென்னையில் தனிமைதான் கிடைக்காத பொருள். ராயபுரத்தில் கத்தினால் பத்துப் பேர் எட்டிப்பார்ப்பார்கள். போன் எடுத்தால் காவல்துறை வந்துவிடும். ஆகவே வீட்டை ஊரிலிருந்து துண்டிக்க ஒரு காரணம் வேண்டும். அது ஊருக்கே தெரிந்த காரணமாக இருந்தால், விளக்கம் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

எங்கள் பரிந்துரை வர்தா புயல். 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை பிற்பகலில் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன, மின்சாரம் போயிற்று, செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலையாற்றுக் கரையில் ஒரு பழைய பங்களா. வெள்ளைக்காரர் காலத்தில் ஓய்வுக்குப் போகும் இடமாக எண்ணூர் இருந்ததால் அங்கே பங்களா இருப்பதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வீட்டுக்குப் போகும் ஒரே பாதையில் தூங்குமூஞ்சி மரம் விழுகிறது. முடிந்தது வேலை.

இந்தத் தேதிக்கு இன்னொரு பலமும் உண்டு. அதே ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பழைய நோட்டுகளை வங்கிக் கணக்கில் கட்ட டிசம்பர் 30 வரை அவகாசம். புயலுக்கு முந்தைய சனிக்கிழமை இரண்டாவது சனி, மறுநாள் ஞாயிறு, வங்கி கிடையாது. டிரங்குப் பெட்டி நிறையப் பழைய நோட்டு வைத்திருக்கும் ஒரு பெரியவர், அவரைச் சுற்றி ‘என் கணக்கில் போட்டுக்கொள்கிறேன்’ என்று வந்து நிற்கும் சொந்தங்கள் என்று வைத்துக்கொண்டால் கொலைக்கான நோக்கமும் கிடைக்கிறது, சிரிப்புக்கான சூழலும் கிடைக்கிறது. செப்டம்பரில் வந்த ஜியோ சிம்மில் ஆண்டு முடிவு வரை டேட்டா இலவசம், ஆனால் டவர் இல்லை. இதுவே பத்து வசனம் தரும்.

தேதியைத் தொட்டால் அதற்கு உண்மையாக இருக்க வேண்டும். 200 ரூபாய் நோட்டு 2017 ஆகஸ்டில்தான் வந்தது. ஊதா நிற 100 ரூபாய் 2018. வண்ணாரப்பேட்டை மெட்ரோ ஓடத் தொடங்கியது 2019, விம்கோ நகர் வரை நீண்டது 2021. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கார் வரும் காட்சி எடுத்தால் மெட்ரோ தூண் பிரேமில் வந்துவிடும். கார்களில் 2019க்குப் பின் வந்த உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் தெரியக்கூடாது. வடசென்னைப் பார்வையாளர் இதையெல்லாம் முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் கொலைகாரனைத் தேடமாட்டார்.

2. கொலையைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

கதைச் சுருக்கம் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் நடந்ததை நடந்தபடி மணிக்கணக்கோடு எழுதுங்கள். யார், எப்போது, எந்த வாசல் வழியாக, எதை எடுத்து, எங்கே வைத்தார். இந்தத் தாளில் நகைச்சுவைக்கு இடமில்லை. இது முழுக்க நியாயமாக இருந்தால்தான் மேலே எவ்வளவு கூத்தடித்தாலும் படம் தாங்கும்.

ஒரு மாதிரிக் கதையை வைத்தே பார்ப்போம். இறப்பவர் பாரிமுனையில் கிளியரிங் ஏஜென்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், கையிறுக்கம் அதிகம். வீட்டில் இருப்பவர்கள்: மகள், ஆடிட்டர் மாப்பிள்ளை, பெரியவரின் கல்யாணமாகாத தம்பி, வீட்டை விற்றுத்தர வந்த புரோக்கர், புயல் எச்சரிக்கை சொல்ல வந்து மாட்டிக்கொண்ட ஏட்டு, காசிமேட்டுக்காரச் சமையல் அம்மா. கொலை நடப்பது திங்கள் மாலை. உடல் தெரியவருவது செவ்வாய் காலைப் பலகாரத்துக்குப் பிறகு. கொன்றவர் மாப்பிள்ளை. கண்டுபிடிப்பவர் சமையல் அம்மா.

இப்போது துப்புகள். மூன்று போதும். ஐந்துக்கு மேல் போனால் கடைசிக் காட்சி கணக்குப் பாடமாகிவிடும்.

முதல் துப்பு, ஆயுதம். மின்சாரம் இல்லை, மிக்சி ஓடாது. சட்னி அரைக்க அம்மிதான் கதி. செவ்வாய் காலை இட்லி வருகிறது, சட்னி வரவில்லை. குழவியைக் காணோம் என்கிறார் சமையல் அம்மா. பெரியவரின் தம்பி சட்னிக்காகப் புலம்புகிறார், அழாக்குறையாகப் புலம்புகிறார். அரங்கம் சிரிக்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால், காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஹால் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பது அந்தக் குழவிதான். மழையில் கழுவிக்கொண்டுவந்து மாப்பிள்ளை வைத்தது.

இந்தக் காட்சி ஏன் உடல் கிடைப்பதற்கு முன்பே வர வேண்டும் என்றால், சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. உடல் கிடைத்த பிறகு இட்லி வெந்தால் நம் பார்வையாளர் படத்தை விட்டு விலகிவிடுவார். ஆனால் அந்த வழக்கமே அடுத்த அரைமணி நேரத்துக்குத் தீனி போடும்: பக்கத்து வீட்டுச் சாப்பாடு வர வழியில்லை, ஐஸ் பெட்டி வர வழியில்லை, எல்லோருக்கும் பசி, யாரும் வாய்விட்டுச் சொல்லமுடியாத பசி.

இரண்டாவது துப்பு, சில்லறை. புதிதாக வந்த 2000 ரூபாய்க்கு ஊரில் எங்கும் சில்லறை இல்லை. படம் முழுக்க ஏட்டு 2000 ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டி எல்லோரிடமும் சில்லறை கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான்காவது முறை மாப்பிள்ளை எரிச்சலில் இருபது நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். ஏட்டின் முகத்தில் வரும் பரவசத்துக்கு அரங்கம் சிரிக்கும். முதல் பத்து நிமிடத்தில், பெரியவர் தம் இரும்புப் பெட்டியில் நூறு ரூபாய்க் கட்டு ஒன்றை எச்சில் தொட்டு எண்ணிவைத்ததை யாரும் நினைக்கமாட்டார்கள்.

மூன்றாவது துப்பு, நேரம். இதுதான் மூன்றிலும் அழகானது, கவனமாகச் செய்யவேண்டியதும். வங்கக் கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலின் மையம் நம் தலைக்கு நேராகக் கடந்தால், மையம் வருவதற்கு முன் காற்று வடக்கிலிருந்து அடிக்கும். நடுவில் சற்று அடங்கும். பிறகு தெற்கிலிருந்து அடிக்கும். பெரியவர் அறையில் வடக்கே ஒரு ஜன்னல், தெற்கே ஒரு ஜன்னல். தாம் பெரியவரைப் பார்த்தது மத்தியானம் ஒரே ஒரு தடவை என்கிறார் மாப்பிள்ளை. அதை இப்படிச் சொல்கிறார்:

“மத்தியானம் மாமாவைப் பாக்கப் போனேன் சார். தெக்கு ஜன்னல் கதவு பேத்துக்கிட்டு வந்து என் மண்டையில விழுந்துச்சு. மாமா என்ன கேட்டாரு தெரியுமா? ‘கதவுக்கு ஒண்ணும் ஆகலையே’ன்னாரு.”

பெரியவரின் கஞ்சத்தனத்துக்குச் சிரிப்பு விழும். தெற்கு ஜன்னல் மத்தியானம் பெயர்ந்திருக்க முடியாது என்பது, கடல் காற்றோடு வளர்ந்த ஒருத்திக்கு மட்டும் உறுத்தும். கடைசியில் அவர் கேட்பது இவ்வளவுதான்:

“மத்தியானம் அடிச்சது வாடை. நீ சொல்ற தெக்கு ஜன்னல்ல அப்போ இலை கூட ஆடிருக்காது தம்பி. அது பேத்துக்குனது பொழுது சாய சொல்ல. அந்நேரம் நீ இன்னாத்துக்கு அந்த ரூமுக்குப் போன?”

துப்பு வைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. அரங்கில் பெரிய சிரிப்பு விழுந்தால் அதற்கு அடுத்த வரி யார் காதிலும் விழாது. அந்த வரியில் துப்பை வைத்தால் அது ஒளித்ததாகாது, தொலைத்ததாகும். துப்பு சிரிப்புக்கு முந்தைய தயாரிப்பு வரியில் இருக்க வேண்டும், அல்லது சிரிப்பை எழுப்பும் வரிக்குள்ளேயே இருக்க வேண்டும், அல்லது சிரிக்கும்போது கண்ணெதிரே தெரியும் பொருளாக இருக்க வேண்டும். மேலே உள்ள மூன்றும் இந்த மூன்று வகைக்கும் எடுத்துக்காட்டு: சில்லறைக்கான தயாரிப்பு, ஜன்னல் வசனம், குழவி.

ஒவ்வொரு துப்பும் மூன்று முறை திரையில் வரட்டும். ஒருமுறை சாதாரணமாக, ஒருமுறை சிரிப்போடு, ஒருமுறை அவிழ்ப்பில். முதல் முறையைத் தவிர்த்தால் ஏமாற்றிவிட்டதாகத்தான் தோன்றும். குழவியை ஞாயிற்றுக்கிழமைக் காட்சியில் அம்மியோடு சேர்த்துக் காட்டியே ஆக வேண்டும்.

எழுதி முடித்ததும் இந்தக் கதையை முன்பே படித்திராத எட்டுப் பேரை உட்காரவைத்து முக்கால்வாசி வரை வாசித்துக் காட்டி நிறுத்துங்கள். கொன்றது யார் என்று தனித்தனித் தாளில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் மாப்பிள்ளை என்று எழுதினால் சரியான பதம். ஒருவரும் எழுதாவிட்டால் துப்பு போதாது. ஆறு பேர் எழுதினால் மாப்பிள்ளைக்கு அதிகமாகப் பேச்சுக் கொடுத்துவிட்டீர்கள்.

3. ஆட்களும் பேச்சும்

மெட்ராஸ் பாஷையைச் சிரிப்புக்கு மட்டும் பயன்படுத்தும் பழக்கம் நம் சினிமாவில் நெடுநாளாக இருக்கிறது. வேலைக்காரர், ரிக்‌ஷாக்காரர், ரவுடி என்றால் ‘இன்னாபா, கஸ்மாலம்’ என்று பேசவைத்துவிடுவது. வடசென்னையில் எடுக்கும் படத்திலாவது இதைக் கைவிட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறோம். அந்த மொழியை வீட்டிலேயே கூர்மையான ஆளுக்குக் கொடுங்கள். ‘டபாய்க்கிறது’, ‘உடான்ஸ்’, ‘ஜகா வாங்குறது’ எல்லாம் பொய்யைப் பிடிக்க எவ்வளவு வசதியான சொற்கள்! விசாரணைக்கென்றே பிறந்த மொழி அது. காசிமேட்டில் மீன் ஏலக்கூடத்தில் அரைநாள் நின்று கேட்டாலே போதும், சொற்களைவிட வேகமும் இடைவெளியும்தான் முக்கியம் என்பது புரியும். சமையல் அம்மா வேடத்துக்கு அந்தப் பேச்சு வாயில் ஊறிய நடிகை வேண்டும். பயிற்சி கொடுத்து வரவழைப்பது இரண்டு காட்சிக்கு மேல் தாங்காது.

யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். சமையல் அம்மா பெரியவரை ‘மொதலாளி’ என்பார், மகளை ‘பாப்பா’ என்பார், மாப்பிள்ளையை ‘தம்பி’ என்பார், ஏட்டை ‘ஏட்டய்யா’ என்பார். மாப்பிள்ளை பிடிபடும் நொடியில் ‘தம்பி’ மாறாமல் இருப்பது வலிமை. அங்கே மரியாதையைக் குறைத்தால் காட்சி சப்பென்று ஆகிவிடும்.

நடிகர்களிடம் சொல்லவேண்டியது ஒன்றுதான். பாத்திரங்களுக்கு இது காமெடிப் படம் என்று தெரியாது. சட்னிக்குப் புலம்பும் தம்பிக்கு அது உண்மையான துயரம். மகள் அழுவது உண்மையான அழுகையாக இருக்கட்டும். இறந்தவரைக் கேலி செய்யும் காட்சி எதுவும் வேண்டாம். பயந்தவர்களும் பொய் சொல்பவர்களும் செய்யும் கூத்தே தேவைக்கு மேல் இருக்கிறது.

ஏழு பேரையும் வைத்து ஆறு நாள் ஒத்திகை. அதில் கடைசி இரண்டு நாள் அந்த வீட்டிலேயே.

4. வீடு

ஒரே வீட்டில் எல்லாம் அமைவது அரிது. வெளிப்புறம் எண்ணூர், மீஞ்சூர், செங்குன்றம் பக்கம் ஒரு தோப்பு வீடு, உட்புறம் ராயபுரத்திலோ ஜார்ஜ் டவுனிலோ உயர்ந்த கூரை கொண்ட பழைய வீடு, இரண்டையும் ஒட்டவைக்கலாம். அப்படிச் செய்தால் கற்பனை வீட்டுக்கு ஒரு வரைபடம் போட்டு வடக்கு எது, தெற்கு எது என்று குறித்து, ஒவ்வொரு நாளும் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். இந்தக் கதையின் உயிர் ஜன்னலின் திசையில் இருக்கிறது. ஒரே ஒரு காட்சியில் வடக்கு ஜன்னல் வழியாக மாலை வெயில் நேராக விழுந்தாலும் முடிச்சு அவிழ்ந்து தரையில் கிடக்கும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது செய்யவேண்டிய சோதனைகள்:

கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். உயரமான கூரையும் சிமென்ட் தரையும் சேர்ந்தால் சத்தம் சுழன்றுகொண்டே இருக்கும். ஏழு பேர் பேசும் காட்சியில் அது வசனத்தைக் கூழாக்கிவிடும். பிரேமுக்கு வெளியே தரையில் ஜமுக்காளம், சுவரோரம் பழைய மெத்தை, கூரைக்கு அடியில் இரண்டு கம்பளி கட்டினால் பெருமளவு அடங்கும்.

கூரையைப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் என்றால் மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும். அதில் விளக்கையோ குழாயையோ தொங்கவிடக் கூடாது. எல்லாம் தரையிலிருந்து எழும் ஸ்டாண்டில்தான்.

மின்சாரம். 300 வாட் எல்இடி விளக்கு நான்கு எரித்தால் 1200 வாட், 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குச் சற்று மேல். ஒரு 15 ஆம்பியர் பிளக் தாங்கும். அதே லைனில் காஸ்ட்யூமருக்கு இஸ்திரிப் பெட்டி, புரொடக்‌ஷனுக்கு டீ கெட்டில் என்று செருகினால் பழைய வயரிங் சூடாகும். இரண்டு லைன் தனியாகப் பிரித்து, இரண்டுக்கும் மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் துண்டிக்கும் ஆர்சிசிபி போடச்சொல்லி எலக்ட்ரீஷியனை உடன் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றப்போகிறோம்; இதில் சமரசமே கிடையாது.

சுற்றுப்புறச் சத்தம். கன்டெய்னர் லாரி, சரக்கு ரயில் இரண்டும் இரவு பகல் பார்க்காது. ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் திருவிழா ஒலிபெருக்கி தெருவுக்குத் தெரு. நேரடி ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் ஆடியும் வேண்டாம், மார்கழி விடியலும் வேண்டாம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்: உண்மையான மழை வந்து கெடுக்காது, வெயிலும் கொல்லாது.

5. அனுமதியும் சட்டமும்

வீட்டுக்காரரோடு எழுத்து ஒப்பந்தம்: நாட்கள், மணி, சேதத்துக்கு முன்பணம், எந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம், எந்த அறைக்குள் போகக்கூடாது. ஒப்பந்தம் போட்ட அன்றே எல்லாச் சுவரையும் வீடியோ எடுத்து இரு தரப்பும் வைத்துக்கொள்வது பின்னால் வரும் சண்டைகளை மிச்சப்படுத்தும். தெருவில் எடுத்தால் காவல்துறை அனுமதி. 2022 முதல் சென்னை, ஆவடி, தாம்பரம் என மூன்று ஆணையரகங்கள் இருக்கின்றன. உங்கள் இடம் எதன் கீழ் வருகிறது என்று பார்த்துவிட்டு மனு எழுதுங்கள். டிரோன் பறக்கவிடும் ஆசை இருந்தால், எங்கே தடை என்று நிறத்தால் காட்டும் அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்த்தபிறகே ஆசைப்படுங்கள். துறைமுகமும் அனல்மின் நிலையமும் அருகில் இருக்கும் பகுதி இது.

நோட்டுகள் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. செல்லாத 500, 1000 நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பணத்தாளைப் போலவே அச்சடிப்பதும் குற்றம். கலர் ஜெராக்ஸ் எடுத்துக் கட்டுவது என்ற பேச்சே வேண்டாம். டிரங்குப் பெட்டியை எப்போதும் பின்னாலிருந்தே காட்டுங்கள்: மூடி திறக்கிறது, பார்ப்பவர்களின் முகம் மாறுகிறது. நோட்டைவிட முகம்தான் சிரிப்பைத் தரும். சில்லறைக் காட்சிக்கு உண்மையான பழைய வரிசை 100 ரூபாய் நோட்டுகள் இருபது தேவை, அவை இன்றும் செல்லும். 2000 ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி 2023இல் புழக்கத்திலிருந்து திரும்பப்பெறத் தொடங்கிவிட்டது. ஒன்றாவது கையில் கிடைக்கிறதா என்பதை முதல் வாரமே பார்த்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் மடித்த கைக்குள் இளஞ்சிவப்பு விளிம்பு மட்டும் தெரிந்தால் போதும்.

பங்களா என்றால் ஒரு நாய், கூண்டில் ஒரு கிளி என்று எழுதத் தோன்றும். பச்சைக்கிளி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, வளர்க்கவே கூடாது. நாய்க்கு விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். கதைக்கு அவசியமில்லை என்றால் குரைப்பை மட்டும் ஒலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. மழை, காற்று, இருட்டு, ரத்தம்

மழைக்கு ஒரு அங்குல பிவிசி குழாயில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக 2 மில்லிமீட்டர் துளை. மூன்று மீட்டர் குழாய்க்கு அறுபது துளை. 1 எச்பி மோட்டார் நல்ல அழுத்தம் கொடுத்தால் நிமிடத்துக்கு 100 லிட்டர் வரை போகும். அதாவது 1000 லிட்டர் சின்டெக்ஸ் பத்து நிமிடம். ஒரு ஜன்னலுக்கு ஒரு குழாய் போதும். எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு; லென்ஸிலும் கறுப்புத் துணியிலும் வெள்ளைத் திட்டு விட்டுப்போகும், மோட்டாரையும் அரிக்கும். லாரித் தண்ணீர் வாங்குங்கள். மழை கண்ணில் படவேண்டுமென்றால் விளக்கு மழைக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் எவ்வளவு ஊற்றினாலும் தெரியாது. இந்த ஒரு தவறால் ஒரு லாரித் தண்ணீரை வீணாக்கியபின் விளக்கை மாற்றுபவர்கள் நிறையப் பேர்.

காற்று திசை மாறுவதைத் திரைச்சீலையும் வாழை இலையும் சொல்ல வேண்டும். காலைக் காட்சிகளில் வடக்குப் பக்கத் திரை உள்ளே ஊத வேண்டும், மாலைக் காட்சிகளில் தெற்குப் பக்கத்துத் திரை. தொழிற்சாலை ஃபேன் இரண்டு போதும்; அந்தச் சத்தத்தில் நேரடி வசனம் கிடைக்காது, அந்தக் காட்சிகளை மட்டும் டப்பிங்குக்கு ஒதுக்குங்கள். இரண்டுக்கும் நடுவே காற்று அடங்கும் ஒரு நிமிடம் இருக்கிறதல்லவா, அங்கே ஃபேனை நிறுத்தி முழு அமைதியில் எடுங்கள். எல்லோரும் ‘புயல் போச்சு’ என்று வாசலுக்கு ஓடி நிற்கும் இடம் அது. படத்தின் நடுமுள்.

சுண்ணாம்புச் சுவர் ஒருமுறை நனைந்தால் காய நாளாகும். உலர்ந்த வீட்டுக் காட்சிகள் எல்லாம் முதலில், நனைந்த வீடு பிறகு. கதை வரிசையிலேயே எடுப்பது இந்தப் படத்துக்குச் செலவைக் குறைக்கும். நனைந்த நடிகர்களை நாற்பது நிமிடத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள். துண்டு, மாற்று உடை, சூடான சுக்குக் காப்பி தயாராக இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரே உடை மூன்று செட்.

மின்சாரம் போனபிறகு மெழுகுவர்த்தி, அரிக்கேன், டார்ச் மூன்றும்தான் வெளிச்சம் என்று நம்பவைக்க வேண்டும். சுடருக்குப் பின்னால் பிரேமில் தெரியாமல் மஞ்சள் எல்இடி ஒன்று வைத்து, டிம்மரை மெல்ல ஆட்டுங்கள். 24 பிரேமில் எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/50 வையுங்கள்; 1/48இல் வைத்தால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில விளக்குகள் திரையில் அலையடிக்கும். மெழுகுவர்த்தியை முழுசு, முக்கால், பாதி, அடிக்கட்டை என்று நான்கு உயரத்தில் வெட்டிப் பெட்டியில் எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மர்மப் படம் பார்ப்பவர்கள் மெழுகுவர்த்தி வளர்வதைக் கண்டுபிடித்து அதையும் துப்பு என்று நினைப்பார்கள்.

ரத்தம் கொஞ்சம் போதும். தலையணை ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு மேல் காட்டினால் அடுத்த பத்து நிமிடம் யாரும் சிரிக்கமாட்டார்கள். பேக்கரிப் பொருள் விற்கும் கடையில் லிக்விட் குளுக்கோஸ் கிடைக்கும். 250 மில்லிக்கு 50 மில்லி தண்ணீர், இரண்டு தேக்கரண்டி சிவப்பு ஃபுட் கலர், ஒரு தேக்கரண்டி கோகோ பவுடர், ஒரு சொட்டு நீலம். கோகோ இல்லாவிட்டால் ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். இனிப்பு என்பதால் கால் மணி நேரத்தில் எறும்பு வந்துவிடும். டேக் எடுக்கும் நேரத்தில் மட்டும் தடவி, கட் சொன்னதும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். துணிக்குப் போடுவதில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் கறை லேசாகப் போகும், ஆனால் அதை முகத்துக்குப் போடாதீர்கள். சர்க்கரையில் கண்ணாடி செய்து உடைக்கும் யோசனை நம் கடலோரக் காற்றுக்கு ஒத்துவராது. மதியத்துக்குள் பிசுபிசுத்துச் சாய்ந்துவிடும். ஜன்னல் உடைவது சத்தமாகவும், பெயர்ந்து தொங்கும் மரக்கதவாகவும் இருக்கட்டும்.

குழவிக்கு இரண்டு பிரதி. குளோசப்புக்கு உண்மையான கல். கையில் எடுக்கும் காட்சிக்குத் தெர்மகோலைச் செதுக்கி, மேலே காகிதக்கூழ் பூசி, சாம்பல் நிறம் அடித்தது. உள்ளே ஒரு கிலோ மணல் வையுங்கள். கனமே இல்லாத பொருளைக் கனம்போல் தூக்கத் தெரிந்த நடிகர்கள் குறைவு.

7. கேமரா

நகைச்சுவைக்கு அகலமான பிரேம் வேண்டும். எல்லோரும் ஒரே சட்டத்தில், 24 அல்லது 28 மில்லிமீட்டர் லென்ஸ், மார்பு உயரத்தில் கேமரா. ஒருவர் பொய் சொல்லும்போது மற்ற எல்லோரின் முகமும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். குளோசப்பை வெட்டி வெட்டிப் போட்டால் எங்கே சிரிக்க வேண்டும் என்று நீங்களே கையைப் பிடித்துக் காட்டுவதாகும். துப்புப் பொருளுக்குத் தனியாக ஷாட் வைக்கவே கூடாது. குழவிக்குக் குளோசப் போட்ட நொடியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அது ஃபோகஸில் இருக்கட்டும், ஆனால் பிரேமின் ஓரத்தில், ஆட்களைவிட ஒரு படி இருட்டில் இருக்கட்டும். உண்மைக் குழவியின் குளோசப் கடைசிக் காட்சிக்கு மட்டும்.

பிணமாக நடிப்பவருக்கு மதிப்புக் கொடுங்கள், அது கடினமான வேலை. மூச்சை வெளியே விட்டபின் ஆக்‌ஷன் சொல்லி எட்டு வினாடிக்குள் முடியுங்கள். வயிற்றுக்கு மேல் போர்வை இரண்டு மடிப்பு. எண்ணூர்க் கொசு பிணத்தின் மூக்கில் உட்காரும், அதற்குக் கொசுவர்த்தி ஏற்றினால் புகை அறை முழுக்க மூட்டமாகத் தெரியும். டேக்குக்கு முன் ஏற்றி, அணைத்து, புகை கலைந்தபின் எடுப்பது ஒன்றே வழி.

ஒரு நாளைக்கு நான்கரை முதல் ஐந்தரைப் பக்கம் வரை எடுத்தால் 18 நாளில் முடியும். அவிழ்ப்புக் காட்சிக்கு மட்டும் இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். அங்கே நேரத்தைச் சுருக்கினால் மீதிப் பதினாறு நாள் உழைப்பும் போச்சு.

8. பாட்டு, எடிட்டிங், சான்றிதழ்

பாட்டு கட்டாயமில்லை. 1954இல் வந்த ‘அந்த நாள்’ ஒரு பாட்டும் இல்லாத கொலை மர்மப் படம்தான். ஆனால் வடசென்னையில் சாவு வீடு இருக்கிறது என்றால் கானா இல்லாமல் எப்படி? கானாவின் வேரே சாவு வீட்டில்தான். இறந்தவர் எப்படி வாழ்ந்தார், யார் யாருக்கு என்ன செய்தார் என்று பெயர் சொல்லிப் பாடும் மரபு. பாதை திறந்து ஊரார் வந்து சேரும் இடத்தில் ஒரு கானா வையுங்கள். ‘நூறு ரூபா கட்ட எச்சி தொட்டு எண்ணுவாரு’ என்ற பொருளில் ஒரு வரி அதில் வந்தால் சமையல் அம்மா தலைநிமிர்கிறார்; இரண்டாவது துப்பு அங்கே பொருந்துகிறது. கானா பாடுபவரையே எழுதவும் பாடவும் அழைத்து, உரிமையை எழுத்தில் வாங்கி, பெயரைப் போட்டு, உரிய சம்பளமும் கொடுங்கள்.

எடிட்டிங்கில், பெரிய சிரிப்புக்குப் பிறகு ஒன்று அல்லது ஒன்றரை வினாடி தகவல் எதுவும் இல்லாத முகபாவம் விடுங்கள். எடிட் அறையில் அது நீளமாகத் தெரியும். ஆள் நிறைந்த அரங்கில் அது போதாமல்கூடப் போகும்.

யாரையும் சிகரெட் பிடிக்கவைக்காதீர்கள். புகையிலை வந்தால் படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் 30 வினாடி விழிப்புணர்வுப் படங்கள் போட வேண்டும்; அந்தக் காட்சி முழுக்கக் கீழே எச்சரிக்கை எழுத்து இருக்கும். எல்லோரும் நிற்கும் அகலப் பிரேமில் கண் அங்கேதான் போகும், குழவி கிடப்பதும் அதே கீழ் ஓரத்தில். 2024 விதிகளின்படி யுஏ சான்றிதழ் 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரிந்திருக்கிறது. உள்ளங்கை அளவு ரத்தத்தோடு நிறுத்தினால் குடும்பத்தோடு பார்க்கும் வகைக்கு முயலலாம். குழந்தைகள் வரும் படமாக இருப்பதுதான் சட்னிக் காட்சிக்கும் நல்லது.

சான்றிதழுக்கு அனுப்பும் முன் படத்தோடு தொடர்பில்லாத முப்பது பேருக்கு, முடிந்தால் தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர் ஆட்களுக்கு, போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள். சுவரோரம் நின்று அவர்களைப் பாருங்கள். தெற்கு ஜன்னல் வசனத்தில் யாராவது சிரிக்காமல் பக்கத்திலிருப்பவர் பக்கம் திரும்பினால் அவர் பிடித்துவிட்டார். ஒருவர், இருவர் என்றால் விட்டுவிடுங்கள். பத்துப் பேர் திரும்பினால் ‘தெக்கு’ என்ற சொல் கூட்டத்துக்கு அழுத்தமாகக் கேட்கிறது என்று பொருள். டப்பிங்கில் அந்த ஒரு சொல்லை மட்டும் வேகமாகச் சொல்லவைத்து, ‘மண்டையில’ என்ற சொல்லுக்கு அழுத்தத்தை மாற்றி, வேறு முப்பது பேரைக் கூப்பிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.